முப்பத்தைந்தாவது தட்டு

என் கணவர் போட்ட ஆல்பத்தில் பாட்டு கிடையாது. ராகம் கிடையாது, குரல் கிடையாது. உடைந்த பீங்கான் சாமான்களை முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தட்டுகிறார், அவ்வளவுதான். ஆறு பகுதிகள், மொத்தம் ஐம்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. இன்றைக்கும் இன்டர்நெட்டில் இருக்கிறது. இதைக் கேட்டால் மனசு அடங்கிவிடுகிறது என்று அதற்குக் கீழே யாரோ எழுதியிருக்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும். அது வாசிக்கப்பட்ட ஒவ்வொரு நிமிடமும் நான் பக்கத்து அறையில் இருந்தவள்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. கரண்டு கம்பத்தில் மாட்டுகிற இன்சுலேட்டர் சூளையிலிருந்து வந்து ஆறியதும், ஒவ்வொன்றையும் சின்ன மரக்குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்லதாக இருந்தால் கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சத்தம் செத்துப் போயிருக்கும். அவர் மெல்லிசைக் குழுவில் பேட், அதாவது குச்சியால் தட்டுகிற கரண்டுத் தாள வாத்தியம், வாசிப்பவர். மங்கலம்பேட்டை கல்யாணம், வேப்பூர் பக்கத்துக் கோயில் திருவிழா, எங்கே கூப்பிட்டாலும் போவார். கச்சேரி இல்லாத நாளில் சமையல் அவர் பொறுப்பு. எங்களுக்கு ஒரே பெண்.

ஒரு நாள் நான் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு வந்துவிட்டேன். அவர் கொண்டுவந்தார். வாங்கிக்கொள்ள எழுந்தேன்.

"நீ உக்காரு. தட்டிக்கினே இரு" என்றார்.

"எதுக்குங்க?"

"சும்மாதான். நல்லா இருக்குது."

ஷெட்டு வாசலில் இருபது நிமிடம் போல நின்றார். என்னோடு வேலை பார்த்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் நான் செய்கிற எதையும் யாரும் அப்படி நின்று கேட்டதில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கேட்டார். "அந்தச் செத்த சாமானை எல்லாம் என்னா பண்ணுவாங்க?"

"பின்னாடி குமிச்சு வெச்சிருக்காங்க. யாரும் எடுக்க மாட்டாங்க."

"நாலஞ்சு கேட்டு எடுத்துக்கினு வாயேன்."

நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். இதை மறைக்கக் கூடாது. தினமும் பையில் இரண்டு மூன்று. இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை, பிடி இல்லாத கப்பு, இடுப்போடு உடைந்த ஒரு செட்டியார் பொம்மை. பழைய டயர் ட்யூபை அறுத்து விரித்து, அதன் மேல் வரிசையாக அடுக்கினார். இரண்டு மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றிக்கொண்டார். செத்த சத்தம் என்று நான் ஒதுக்கியவை அவர் கையில் ஒன்றுக்கொன்று வேறு வேறாகப் பேசின. ஒன்று மரக்கதவு மாதிரி, ஒன்று தண்ணீர்க் குடம் மாதிரி.

அவர் எனக்கு விளக்கிச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "வலது கை ஏழு தட்டுக்கு ஒரு வாட்டி சுத்தி வரும். இடது கை அஞ்சு தட்டுக்கு ஒரு வாட்டி. ரெண்டும் வேற வேற வழியில போவும். முப்பத்தஞ்சு முடிஞ்சதும் ரெண்டும் ஒண்ணா வந்து விழும் பாரு, அதுக்குத்தான் இத்தினியும்."

கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே நான் அந்த இடத்துக்காகக் காத்திருப்பேன். வந்து விழும்போது உள்ளே ஏதோ ஒன்று சரியாகப் பொருந்துகிற மாதிரி இருக்கும். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார். அந்த வருடம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதையும் சொல்லியாக வேண்டும்.

ரெக்கார்டிங் வெயில் காலத்தில் நடந்தது. புதுச்சேரியிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் மைக்கும் ஒரு சின்ன மெஷினும் கொண்டுவந்து பதினைந்து நாள் விட்டுவிட்டுப் போனார். ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்தோம். ஃபேன் போடக் கூடாது. நான் கம்பெனிக்கு லீவு போட்டேன், குக்கர் விசில் வரக் கூடாது என்று பானையில் சோறு வடித்தேன். பெண் பத்தாவதுக்குப் போகப்போகிறாள், விடுமுறையில் தோழி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு பகுதி பத்து நிமிடம் என்றால் அதற்காக நாள் முழுக்க வாசிப்பார். நடுவில் ஒரு தட்டு பிசகினால் முதலிலிருந்து. கை விரல் இடுக்கில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நான் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். கலைஞர்கள் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆல்பம் வெளியாயிற்று. குழுவில் இருந்தவர்கள் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "அண்ணே, பாட்டு எப்பண்ணே ஆரம்பிக்கும்?" என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். மைக்கும் மெஷினும் புதுச்சேரிக்குத் திரும்பிப் போயின. ஜன்னலிலிருந்து மெத்தையை எடுத்தேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவர் நிறுத்தவில்லை.

சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் விளிம்பில். பஸ்ஸில் போனால் முன் சீட்டுக் கம்பியில். குளிக்கப் போனால் பக்கெட்டில். முதலில் பழக்கம் என்று விட்டுவிட்டேன். வேப்பூர் பக்கம் ஒரு கச்சேரியில், பாட்டு சரணத்துக்குப் போன பிறகும் இவர் தாளத்தை மாற்றாமல் அந்த ஏழையும் அஞ்சையுமே வாசித்திருக்கிறார். பாடுகிற பெண் திரும்பிப் பார்த்திருக்கிறாள். மேடையில் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள், இவர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் குழுவை நடத்துகிறவர் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. ஒரு மாசம் அண்ணன் வூட்லயே இருக்கட்டும். ரெஸ்ட் எடுத்துட்டு வரட்டும்."

ஒரு மாதம் என்று சொன்னவர் அப்புறம் கூப்பிடவில்லை.

பிறகு வாசற்படி வந்தது. வெளியே போக வேண்டுமென்றால் நிலையில் முப்பத்தைந்து தட்ட வேண்டும். சரியாக விழவில்லை என்று தோன்றினால் மறுபடியும். நடுவில் யாராவது பேசினால் மறுபடியும். பக்கத்து வீட்டில் கேட்டால் கதவில் கறையான் பார்க்கிறார் என்று சொன்னேன்.

பெண்ணுக்குப் பத்தாவது கணக்குப் பரீட்சை. பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவரே சொல்லியிருந்தார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் சாவியைப் போட்டுவிட்டு பெட்ரோல் டேங்க் மேல் தட்ட ஆரம்பித்தார். ஒரு முறை. இரண்டாம் முறை. மூன்றாவது முறை அவள், "அப்பா, டைமாச்சுப்பா" என்றாள். அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். "அப்பா!" என்று கத்தினாள். மறுபடியும் முதலிலிருந்து. நான் ஓடிவந்தபோது அவர் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, விரல் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. அவள் அழுதுகொண்டே குதித்து இறங்கி, ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து ஓடினாள். அட்டையும் பேனாவும் கீழே விழுந்ததைக்கூட எடுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பத்து நிமிடம் தாமதமாக உள்ளே விட்டார்கள்.

திரும்பி வந்தேன். அவர் அதே இடத்தில் பைக் மேல் உட்கார்ந்து இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்தேன். என் பலத்தையெல்லாம் போட்டுப் பிடித்தேன்.

"வுடு" என்றார்.

"வுட மாட்டேன். என்னா ஆச்சு உங்களுக்கு?"

"வுடுடி, பயமா இருக்குது."

"என்னா பயம்?"

 தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முடிக்காம வுட்டா உனக்கு ஏதாவது ஆயிடும். இல்லன்னா அவளுக்கு. சும்மா தோணுறதுன்னு எனக்கே தெரியுது. தெரிஞ்சும் முடியல."

நான் கையை விட்டுவிட்டேன். அவர் முடித்தார்.

புதுச்சேரியில் ஒரு மனநல டாக்டரிடம் போனோம். சின்ன வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார். இது நிறையப் பேருக்கு வருகிறது, மருந்து இருக்கிறது என்றார். "எப்போலேருந்து இப்படி இருக்குது?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆல்பத்துக்கு அப்புறமா? ரத்தம் கசியக் கசிய முதலிலிருந்து வாசித்தாரே, அப்போதா? கல்யாணமான புதிதில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். எத்தனை முறை என்று நான் எண்ணியதில்லை. கவனமான மனுஷன் என்று எங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். என் போனில் இருந்து ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். டாக்டர் கொஞ்சம் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்குது" என்றார்.

நல்லாத்தான் இருந்தது. அதுதான் என்னை அறுக்கிறது. காது நன்றாக உள்ளவள் என்றுதான் கம்பெனியில் என்னைச் செக்கிங்கில் போட்டார்கள். எத்தனையோ ஆயிரம் சாமானில் விரிசலைக் கேட்டுச் சொன்னவளுக்கு இது கேட்கவில்லை.

மாத்திரை வேலை செய்ய இரண்டு மாதம் ஆயிற்று. முதலில் வாசற்படி விட்டது, பிறகு சாப்பாட்டுத் தட்டு, பக்கெட்டு. ஒரு நாள் அவர் கை மடியில் சும்மா கிடந்ததைப் பார்த்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது. உடம்பு பெருத்தது. பேச்சு குறைந்தது. பேட்டைத் துணி போட்டு மூடியவர் எடுக்கவே இல்லை. பீங்கானையெல்லாம் அவரே ஒரு சாக்கில் கட்டி, ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வந்தார். ஏனென்று நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு கடிதம் மெயிலில் வந்தது. ஆல்பத்தைக் கேட்டோம், இந்த மாதிரி யாரும் வாசித்ததில்லை, எங்கள் அரங்கத்தில் வந்து வாசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

"முடியாதுன்னு எழுதிடு" என்றார்.

"ஏங்க, இத்தினி பேரு தேடி வந்து கேக்குறாங்க. நீங்க வாசிச்சதைத்தானே கேக்குறாங்க."

"நான் எங்க வாசிச்சேன்? நிறுத்த முடியல. அவ்வளவுதான்."

நான் உடனே பதில் எழுதவில்லை. அடுத்து நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. மூன்று நாள் அவருக்கு மாத்திரை கொடுக்கவில்லை. டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பது நான்தான், தண்ணீரோடு சத்து மாத்திரை ஒன்றைக் கொடுத்தேன், அவர் பார்க்காமல் விழுங்கினார். கொஞ்சம் குறைத்தால் கை திரும்பும், பயம் திரும்பாது என்று எனக்கு நானே கணக்குப் போட்டிருந்தேன். சென்னையில் அவரை மேடையில் பார்க்க ஆசை. என்னைத் தலை தூக்கிப் பார்த்த அந்த ஆளைப் பார்க்க ஆசை.

நாலாம் நாள் காலையில் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். நிலையில் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, துடைக்கக் கை ஒழியவில்லை. "மறுபடியும் வந்துடுச்சு பாரு" என்றார். "மாத்திரையும் கேக்கலன்னா நான் என்னா பண்ணுவேன்?" அன்றைக்கு ஒன்பது மணிக்கு அவர் மாத்திரையைக் கொடுத்தேன். உடம்பு சரியில்லை என்று சென்னைக்கு எழுதிவிட்டேன். அவரிடம் எதையும் சொல்லவில்லை. மருந்து தன்னைக் கைவிட்டது என்றுதான் அவர் இன்னமும் நம்புகிறார், எந்த நாளும் மறுபடி வரும் என்று அதற்காகவே பயந்துகொண்டிருக்கிறார். அந்தப் பயத்தை நான் கொடுத்தேன்.

மகள் இப்போது சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவில் வந்தால் அவரிடம் மரியாதையாகப் பேசுவாள். பைக்கில் ஏற மாட்டாள். செக்கிங்கிலிருந்து என்னைப் பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு மாற்றிக்கொண்டேன். அவர் மங்கலம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து துணி எடுத்துப் போடுகிறார். முதலாளி நல்லவர்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதுச்சேரி போகிறோம். போன வாரமும் போனோம்.

"தூக்கம் எப்படி இருக்குது?" என்று டாக்டர் கேட்டார்.

"வருதுங்க."

"வேலைக்குப் போறீங்களா?"

"போறேங்க."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார், நான்தான் சொல்ல வேண்டும் என்பது போல. டாக்டரும் என்னைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

நல்ல முன்னேற்றம் என்று எழுதி, அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். திரும்பும்போது பண்ருட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது.