சாட்சி சொன்ன பிறகு

என் கணவர் பாஸ்டர். தினமும் காலையில் அவருக்கு பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. சபையில் இது யாருக்கும் தெரியாது. மறைக்க வேண்டும் என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் சுகம் வேண்டி ஜெபத்துக்கு வருகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? அப்படியே விட்டுவிட்டோம்.

கள்ளக்குறிச்சியில் தகரக் கூரை போட்ட ஹால்தான் எங்கள் சபை. ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு, வடக்கனந்தலிலிருந்து வருகிற அக்கா எழுந்தார். கூலி வேலை செய்கிறவர். அவர் குடும்பத்தில் வேறு யாரும் சபைக்கு வருவதில்லை.

"ஐயா தலமேல கை வச்சி ஜெபம் பண்ணாரு. அன்னிலர்ந்து சுகர் மாத்திரய நிறுத்திட்டேன். எனக்கு இன்னாவும் இல்ல."

ஹால் முழுக்க அல்லேலூயா. முதலில் முழங்கியது என் கணவர்தான். மைக் கையில் இருந்தால் அவருக்குத் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். மாத்திரையை நிறுத்தச் சொன்னது அவர் இல்லை. ஆனால் நிறுத்தாதே என்றும் சொல்லவில்லையே.

கொஞ்ச நாளில் மரவள்ளி பிடுங்கும் வேலையில் அக்காவின் கால் பெருவிரலில் குச்சி கிழித்துவிட்டது. காயம் ஆறவேயில்லை. அக்கா நொண்டிக்கொண்டு வந்து பாயில் உட்காருவார். எனக்குப் பிரசங்கம் காதில் ஏறாது. துணி சுற்றிய அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நச்சரித்து நச்சரித்து என் கணவரை பைக்கில் வடக்கனந்தலுக்குக் கிளப்பினேன். நானும் கூடப் போனேன். "மாத்திர போடறது பாவம் இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா தலையாட்டவில்லை. "சபையில சாட்சி சொல்லிட்டேனே ஐயா. இப்ப போட்டா கர்த்தர பொய்யாக்கின மாதிரி ஆவாதா? எங்க வூட்டுக்காரு வேற, உன் சாமி இன்னா பண்ணுச்சின்னு கேட்டுக்கினே இருக்காரு."

அவர் பைக்கைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "மைக்ல அல்லேலூயா சொல்லிட்டு, தனியா போயி காதுல சொன்னா எடுபடுமா? சபையில சொல்லுங்க."

"சொன்னா அப்புறம் என் ஜெபத்த யாரு நம்புவாங்க?"

"அந்தம்மா கால வெட்டி எடுத்துட்டா? மேய்ப்பன் கணக்கு ஒப்புவிக்கணும்னு நீங்கதான பிரசங்கம் பண்றீங்க?"

அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

ஞாயிறு காலை மாத்திரையை நீட்டினேன். "அப்புறம் போட்டுக்கறேன்" என்று அட்டையோடு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்காவின் விசுவாசத்துக்கு ஈடு கொடுக்க இவரும் நிறுத்தப் போகிறாரோ? பாட்டு நேரம் முழுக்க எனக்கு வாய்தான் அசைந்தது.

சாட்சி நேரம் வந்தது. அவர் மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, சாட்சி சொல்ல ஜனங்கள் எழுந்து நிற்கிற இடத்தில் நின்றார். பையிலிருந்து அட்டையை எடுத்தார்.

"இது என் பிரஷர் மாத்திர. ரொம்ப வருஷமா போட்டுக்கினு இருக்கேன், உங்ககிட்ட சொல்லல. இந்த அம்மா மாத்திரய நிறுத்திட்டேன்னு சொன்னப்ப நான் அல்லேலூயா சொன்னது தப்பு. நிறுத்தாதீங்கன்னு அப்பவே சொல்லியிருக்கணும்."

எல்லோரும் பார்க்க, மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினார். ஒரு ஆமென் கூட வரவில்லை. முன்னால் இருந்த ஒரு குடும்பம் எழுந்து வெளியே போனது.

அக்கா பாயிலிருந்தபடியே கேட்டார். "அப்ப நான் போட்டா கர்த்தர் கோச்சிக்க மாட்டாருங்களா?"

"கோச்சிக்கறதா இருந்தா என்மேலதான்மா."

ஆராதனையை முடிக்காமலே அக்காவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது.

வெளியே போன குடும்பம் திரும்பவில்லை. அக்கா இப்போதும் வருகிறார். யாராவது சாட்சி சொல்ல எழுந்தால் என் கணவர் முதலில் அக்காவின் காலைப் பார்க்கிறார். அப்புறம்தான் அவர் வாயிலிருந்து அல்லேலூயா வருகிறது. சில ஞாயிறுகளில் வருவதே இல்லை.