உபரிக்கு ஒரு காப்பீடு

நவம்பர் வந்துவிட்டால் ஃபாக்ஸ் ஆற்றங்கரை ஊர்களில் இரண்டு வேட்டை தொடங்கும். ஆம்பளைகள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மானைத் தேடிப் போவார்கள். காப்பீடு விற்கிறவர்கள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு கிழவர்களைத் தேடி வருவார்கள். முதியவர்களுக்கான அரசாங்க மருந்துத் திட்டத்தில் சேரவும் மாறவும் அப்போதுதான் நேரம். அறுபத்தைந்து தாண்டியவர் இருக்கிற வீட்டில் காலைக் காப்பி ஆறுவதற்குள் மணி அடிக்கும். எடுத்தால் தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண் பேசுவாள். டெல்பர்ட் வெர்ஹாகன் வீட்டில் ஒரே சட்டம்தான்: தெரியாத எண் என்றால் எடுக்கக் கூடாது.

டெல்பர்ட் காகித ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பேரிங் போனால் உருளை நிற்கும், உருளை நின்றால் ஆலையே நிற்கும். எதற்கும் மாற்று ஒன்று கைவசம் இருக்க வேண்டும் என்பது அந்த வேலையில் அவர் உடம்போடு ஊறிப்போன புத்தி. வீட்டிலும் அப்படித்தான். பனி தள்ளும் இயந்திரம் இரண்டு, மரம் அறுக்கும் ரம்பம் இரண்டு, தண்ணீர் இறைக்கும் பம்பு இரண்டு.

"இன்னொரு பொண்டாட்டிதான் பாக்கி. அவளுக்கும் கராஜ்ல எடம் பாத்து வச்சிருப்ப" என்பாள் மார்லிஸ்.

"நீதான் நிக்காம ஓடுறியே, எதுக்கு இன்னொண்ணு?" என்பார் அவர்.

உண்மையில் அவள் ஒருமுறை நின்றுபோனவள்தான். அவரைவிட எட்டு வயது இளையவள். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒற்றை நாற்காலி போட்டு ஊர்ப் பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். முடக்குவாதம் வந்து விரல் மூட்டுகள் வீங்கின. கத்தரிக்கோல் கையில் நிற்கவில்லை. என்னென்னவோ மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு கெட்டதுதான் மிச்சம். கடைசியில் ஓர் ஊசி கேட்டது. சொத்தை விற்றாலும் வாங்க முடியாத விலை. ஆனால் ஆலையில் ஓய்வு பெற்றவர்களுக்கு உள்ள காப்பீடு, மனைவியையும் சேர்த்து, அதை ஏற்றுக்கொண்டது. மார்லிஸ் மறுபடி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

நடுவில் ஆலை கைமாறியது. புது முதலாளி எந்த மாநிலத்தில் இருக்கிறான் என்றுகூட யாருக்கும் சரியாகத் தெரியாது. வெள்ளிக்கிழமை மீன் பொரியலுக்காகக் கூடும் மதுக்கடையில், சீட்டு மேசையில், அவனைத் திட்டாமல் ஓர் ஆட்டம் முடிந்ததில்லை.

"இன்னிக்கி இருக்குற காப்பீடு நாளைக்கி இருக்காதுடா. நான் கவர்மெண்ட் மருந்துத் திட்டத்துல சேந்துட்டேன், நிம்மதியாப் போச்சு" என்றான் நார்ப். ஆலையில் கூட வேலை பார்த்தவன், பெண்டாட்டியை இழந்த தனிக்கட்டை. "கம்பெனிக்காரன இன்னும் நம்புற ஆளு இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்."

மேசையே சிரித்தது. டெல்பர்ட்டுக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் மாதாகோவில் கூடத்தில் ஒரு விற்பனையாள் அப்பம் போட்டு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். டெல்பர்ட் போய் உட்கார்ந்தார். ஒன்றை விட்டு ஒன்றுக்குப் போவதாக அவர் எண்ணமே இல்லை. ஆலைக் காப்பீடு பாட்டுக்கு இருக்கட்டும். அது ஒருநாள் படுத்துக்கொண்டால் இது கைகொடுக்கும். உபரி பேரிங் மாதிரி.

"கம்பெனி காப்பீடு இருந்தா, அங்க ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுச் சேருங்க சார்" என்றான் அவன். யோக்கியன்தான், பாவம்.

"அவன்ட்ட போயி என்னத்தக் கேக்குறது? எங்க கையெழுத்து, அதச் சொல்லு."

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். மார்லிஸும் அதையேதான் கேட்டாள்: "ஆபீஸ்ல கேட்டியா?"

"கேட்டா எதாவது வம்பு பண்ணுவானுங்க. விடு."

மான் வேட்டைக்கு அவர் வடக்கே காட்டுக்குப் போயிருந்தபோது வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெரியாத எண். சட்டத்தை மதித்து மார்லிஸ் எடுக்கவில்லை. டெல்பர்ட் திரும்பி வந்த பிறகும் அடித்தது. "விக்கிறவனுங்களுக்கு மானம் ரோஷம் கெடையாது" என்று சொல்லி அவர் இணைப்பையே பிடுங்கிப் போட்டார்.

ஜனவரியில் ஊசி வரவில்லை. மார்லிஸ் தொலைபேசியை மறுபடி செருகி, மருந்தகத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். புத்தாண்டோடு உங்கள் காப்பீடு முடிந்துவிட்டது என்றார்கள். டெல்பர்ட் ஆலை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"நீங்க கவர்மெண்ட் மருந்துத் திட்டத்துல சேந்துட்டீங்களே சார்" என்றாள் அங்கே ஒருத்தி. "அதுல சேந்தா நம்ம காப்பீட்டுலேருந்து வெலகினதா அர்த்தம். அதான் விதி."

"நான் எங்கம்மா வெலகினேன்? கூடத்தானே ஒண்ணு சேத்துக்கிட்டேன்?"

"ரெண்டையும் வச்சுக்க முடியாது சார்."

"சரி, என்னை வெட்டு. என் பொண்டாட்டி எதுலயும் சேரலியே. அவளுக்கு இன்னும் அறுபதே ஆகல."

"அவங்க உங்க பேர்ல இருந்தவங்க சார். நீங்க போனா அவங்களும் போயிடுவாங்க."

"அப்ப அத ரத்து பண்ணிட்டுத் திரும்பி வந்துர்றேன்."

"ஒருதடவ வெளிய போனா மறுபடி சேக்க மாட்டாங்க. வருஷம் முடியறதுக்குள்ள ரத்து பண்ணியிருந்தா நிறுத்தியிருக்கலாம். அதச் சொல்லத்தான் நவம்பர்லேருந்து கூப்பிட்டுப் பாத்தோம். உங்க வீட்டுல யாருமே போன எடுக்கல சார்."

டெல்பர்ட் போனை வைத்துவிட்டு, தான் பிடுங்கிப் போட்டிருந்த இணைப்புக் கம்பியைப் பார்த்தார்.

மார்லிஸுக்குத் தனியாக ஒரு காப்பீடு வாங்கப் பார்த்தார்கள். கைக்கு எட்டிய விலையில் காப்பீடு தந்தவர்கள், ஊசி வேண்டுமானால் முதலில் அந்தப் பழைய மாத்திரையிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். அது கேட்கவில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தும் பலனில்லை. காப்பீட்டோடு ஏதாவது வேலை கிடைக்குமா என்று டெல்பர்ட் தானே கிளம்பினார். முழங்கால் மடங்காத ஃபிட்டரை எவன் சேர்ப்பான்? பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். அவரை இல்லை, அவளை. குளிர்காலம் முடிகிற வரை தாக்குப்பிடித்தால் காப்பீடு உண்டு. அதில் அந்த ஊசியும் உண்டு.

ஊசியின் சத்து உடம்பில் இருந்த வரை சமாளித்தாள். பிப்ரவரியில் விரல்கள் பழையபடி வீங்கின. குளிர்ந்த அறையில் நின்று, ஓடுகிற பட்டையிலிருந்து கட்டிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. கீழ்த்தளத்து நாற்காலியைத் தேடி வந்த பெண்களுக்கு டெல்பர்ட்தான் வாசலில் நின்று இல்லை, இல்லை என்று சொல்லி அனுப்பினார். அவள் ஒருநாளாவது திட்டித் தீர்த்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. அது அவரை அறுத்தது.

ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது அவளால் கோட்டின் பொத்தான்களைப் போட முடியவில்லை. விரல்களுக்கு அகப்படாமல் அவை நழுவின. இரண்டு, மூன்று முறை முயன்றுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டார்.

"இன்னிக்கி ஒருநாள் போகாத மார்லிஸ்."

"போகலன்னா வேலைய விட்டு எடுத்துருவாங்க. எடுத்தா ஊசி இல்ல."

"இந்தக் கைய வச்சுக்கிட்டு எப்பிடி வேல செய்வ?"

"இந்தக் கைக்காகத்தானே போறேன்" என்றாள். "மேல் பட்டனையும் போட்டுவிடு, டெல். வெளிய குளுரு."

அவர் போட்டுவிட்டார்.