‘பி’யோடு நின்றுபோன இங்கிலீஷ்

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் ஒரு அம்மாவும் யூனிஃபார்ம் போட்ட குட்டிப் பெண்ணும் ஏறினார்கள். “பி-யில ஆரம்பிக்கிற சாமானெல்லாம் சொல்லு பார்ப்போம்” என்றாள் அம்மா. பேட், பலூன், பர்கர், பிரஷ்... மூச்சு விடாமல் சொன்னது குழந்தை. கீழ்த்தளம் வந்ததும் அவர்கள் இறங்கிவிட்டார்கள். நான் இறங்க மறந்து மறுபடி மேலே போனேன்.

பார்த்தவர்கள் வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதுவும்தான்... ஆனால் காரணம் ரோஸ்லின்.

எழுபதுகளில் குமுளிக்குப் பக்கத்தில் ஓர் ஏல எஸ்டேட். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களில், அடுத்தடுத்து அவள் வீடும் எங்கள் வீடும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, இருவரும் ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தோம். அப்போதுதான் எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஆயா வேலை காலியானது. புதிதாக வந்த லேடி டாக்டர் வடக்கத்திக்காரர். தமிழும் வராது, மலையாளமும் வராது. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த பெண்ணாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ரோஸ்லினுக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் கம்பத்தில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் — வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

இங்கிலீஷ் படிக்க அவள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? ஏலக்காய் எடுக்கிற அதே வழி! ஏலக்காட்டில் ஒரு செடியின் தூரில் உட்கார்ந்தால், பழுத்த காயை மிச்சமில்லாமல் எடுத்த பிறகுதான் அடுத்த தூருக்கு நகரலாம். விட்டுவிட்டு நகர்ந்தால் கங்காணி திருப்பிக் கூட்டிவந்து உட்காரவைப்பார். இங்கிலீஷும் அப்படித்தான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். ‘ஏ’ முழுக்க முடிந்தால்தான் ‘பி’.

‘ஏ’ சீக்கிரம் தீர்ந்தது. ‘பி’ தீர்கிற வழியாக இல்லை! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குமுளி கடைத்தெருவில் போர்டு போர்டாக நிற்பாள். பேக்கரி, பேங்க், பேட்டரி, பல்பு, பக்கெட், பிளாங்கெட்... லாரி டிரைவர்களையும் விட்டுவைக்கவில்லை.

“ஏளா, டிஸ்பென்சரில என்னென்ன இருக்கோ, அதுக்கு மொதல்ல பேரு கேட்டுப் படி” என்றேன்.

“காயை மிச்சம் வச்சுட்டு அடுத்த தூருக்குப் போவியா நீ? அதது வாறப்ப வரும். பேசாம இரு!”

மழைக்காலம் முடிவதற்குள் டாக்டர் கூப்பிட்டனுப்பிவிட்டார். துணைக்குப் போன நான் வராந்தாவில் நின்றேன். மேஜைமேல் சாமான்களைப் பரப்பி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார் டாக்டர். பாட்டில், பேண்டேஜ், பிளேடு, பேசின் — பட்பட்டென்று சொன்னாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை! அடுத்தது தெர்மாமீட்டர். அப்புறம் கத்தரிக்கோல். அப்புறம் பஞ்சு.

“அந்த எழுத்தெல்லாம் இன்னும் வரலம்மா” என்றாள், தமிழிலேயே.

கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தபடி டாக்டருக்கு அதை இங்கிலீஷில் விளக்கினார். அந்த நேரம் பார்த்து யாரோ வெட்டுக்காயத்தோடு வர, கம்பவுண்டர் எழுந்து போய்விட்டார். டாக்டர் ரோஸ்லினிடம் நீளமாக என்னவோ சொன்னார். அவர் பேசுகிற வேகத்தில் தெரிந்த வார்த்தையும் தெரியாமல் போகும். எனக்கும் ஒரு மண்ணும் விளங்கவில்லை. ரோஸ்லின் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

“என்னளா சொன்னாங்க?”

“யாருக்குத் தெரியும்? ஒரு சாமான் பேருகூட அதுல இல்ல. போன்னுதான் சொல்லிருப்பாங்க.”

அதன்பிறகு அவள் இங்கிலீஷ் பக்கமே போகவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல்யாணம். கம்பம் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

டாக்டர் மாற்றலாகிப் போன அன்றைக்கு எல்லோருக்கும் டீ கொடுத்தார். அதற்குள் தமிழ் பேசப் பழகியிருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்: “உன் ஃபிரெண்ட் ஏன் வரலை? மீதி எல்லாம் இங்கே கத்துக்கலாம், திங்கட்கிழமை வந்துடுன்னு சொன்னேனே! ரொம்ப நாள் பார்த்தேன். இஷ்டமில்லைபோலன்னு வேற ஆளை எடுத்துட்டேன்.”

டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை.

நமக்குப் புரியாத பாஷையில் பெரிய மனிதர்கள் பேசினால், அது திட்டாகத்தான் இருக்கும் என்று ஏன் நினைத்துக்கொள்கிறோம்? நல்லதாகவும் இருக்கலாமே! இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? ஆனால் கேட்கத் தோன்றாது. அதட்டலையே கேட்டுப் பழகிய காதுகள் எங்களுடையவை.

கம்பத்துக்குப் போனபோது மனசு கேட்காமல் அவளிடம் சொல்லிவிட்டேன். இடுப்பில் இருந்த கைக்குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்:

“வான்னு சொல்லவா புள்ள, அம்புட்டு நேரம் பேசுனாங்க?”