உங்க மக எந்த லைன்?

போன வாரம் பெக்கோக்கில் ஒரு கல்யாண விருந்து. வட்ட மேசையில் எனக்கு எதிரே என் அண்ணன். அவருக்குப் பக்கத்தில் பாலோவிலிருந்து வந்திருந்த தூரத்து மாமா ஒருவர். ஆட்டிறைச்சிப் பெரட்டலைத் தட்டில் போட்டுக்கொண்டே அவர் கேட்டார்.

"ஆமா மாப்ளே, உன் மக இப்ப எந்த லைன்ல படிக்குது?"

இதே கேள்வியால்தான் எங்கள் வீட்டில் எல்லாமே தலைகீழானது. இதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கோலாலம்பூரைப் பற்றித்தான் என்பதும் எனக்குத் தெரியும்: 'ஏன், கே.எல். கெடைக்கலையா?'

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் ஜொகூர் மாநிலத்தில் காஹாங்கில் இருக்கிறார். செம்பனைத் தோட்டங்களிலிருந்து பழக்குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகும் லாரி ஓட்டுகிறார். அவருடைய ஒரே மகள் தர்ஷினி. பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள் எடுத்துவிட்டு, மென்பொருள் பொறியியல்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு கல்லூரியைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே, அண்ணன் தான் பசியாறும் கடை முழுக்க 'மக கே.எல். போகுது' என்று சொல்லி முடித்திருந்தார். தூபம் போட்டது யார்? வேறு யார், நான்தான். சாஃப்ட்வேர் படிக்கிற பெண் காட்டுக்குள்ளேயா போய்ப் படிப்பாள்?

என் காரிலேயே மூவரும் கிளம்பினோம். கொளுத்தும் வெயிலில் அண்ணன் முழுக்கைச் சட்டையில் இருந்தார். கோலாலம்பூரில் அந்தக் கல்லூரி... பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். கண்ணாடிக் கட்டடம், உள்ளே காப்பிக் கடை, ஜில்லென்று ஏசி. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

மாணவர் சேர்க்கைப் பிரிவில் நம்ம பையன் ஒருவன். கழுத்தில் அட்டை, வாய் நிறைய ஆங்கிலம். அண்ணனைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினான்.

"அங்கிள், உங்க மக எந்த லைன்?"

"லைனா? எங்க பக்கம் லைனே இல்ல தம்பி. மெயின் ரோட்டுக்கு வந்தாதான் கெடைக்கும்" என்றார் அண்ணன்.

அவன் கேட்டது, பிள்ளை அறிவியலா வணிகமா, எந்தத் துறை என்று. அண்ணன் சொன்னது கைபேசிக்கு வரும் லைனை, அதாவது சிக்னலை. நம் நாட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே? நாளெல்லாம் தோட்டத்துக்குள் லைன் தேடிக் கைபேசியைத் தூக்கிப் பிடித்து அலைகிற மனிதருக்கு முதலில் எது ஞாபகம் வரும்?

பையன் சிரித்தான். பக்கத்து மேசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமலே அண்ணனும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காதது தர்ஷினி ஒருத்திதான்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை நிறுத்தத்தில் தேநீர் குடிக்க இறங்கினோம். அண்ணன் கை கழுவப் போன நேரத்தில், அந்தக் காலேஜ் வேண்டாம் என்றாள் தர்ஷினி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எவனோ ஒருவன் சிரித்ததற்காகவா ஒரு நல்ல கல்லூரியை விடுவது என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சிரிச்சது பரவால்ல அத்தை. அப்பா லைன் இல்லைன்னு சொன்னாரு. அது உண்மையான பிரச்சினை லா. சாஃப்ட்வேர் சொல்லிக் கொடுக்கிற எடத்துல, ஏன் இல்ல, அப்ப என்ன பண்றீங்கன்னு ஒருத்தர்கூட கேக்கல."

நான் தேநீரை ஊதி ஊதிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அவள் கேட்டது ஒரே கேள்வி. லைன் இல்லாத இடத்தில் ஓடுகிற மென்பொருளை எழுதக் கற்றுக்கொடுப்பீர்களா? ஜொகூர் பாருவில் ஒருவர், 'இந்தக் காலத்தில் லைன் இல்லாத இடம் ஏது?' என்று அவளையே திருப்பிக் கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார். பிறகு எதற்கு வம்பு என்று மூடிக்கொண்டார்.

கடைசியாகப் பார்த்தது, உள்ளடங்கிய சிற்றூர் ஒன்றில் இருக்கும் அரசாங்கக் கல்லூரி. வாசலில் மாடுகள். சுற்றிலும் செம்பனை. 'இதுக்கு உங்க வீட்டுப் பின்னாலயே படிக்கலாமே' என்று நான் முணுமுணுத்தேன். அங்கே இருந்த விரிவுரையாளர் ஒரு மலாய்க்கார அம்மா. தர்ஷினியின் கேள்வியைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்த இடத்தில் லைன் இல்லை, எவ்வளவு நேரம் இல்லை, திரும்ப வந்ததும் என்ன நடக்க வேண்டும் என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணன் முதலில் தயங்கினார். யாராவது சிரிக்கப் போகிறார்களா என்று பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மெதுவாக மலாயில் சொன்னார். குலை ஏற்றிய ஒவ்வொரு இடத்திலிருந்தும் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டுமாம். லைன் இல்லாததால் எதுவும் போகாதாம். சாலைக்கு வந்ததும் எல்லாம் ஒன்றாகக் குவிந்து, எது முன்னே எது பின்னே என்றே தெரியாதாம்.

அந்த அம்மா பலகையில் படம் போட்டுக் காட்டினார். தர்ஷினி எழுந்து போனாள். ஒரே இடத்தைப் பற்றி இரண்டு லாரிக்காரர்கள் வேறு வேறு மாதிரி எழுதியிருந்தால், லைன் வந்ததும் யார் சொன்னதை எடுத்துக்கொள்வது என்று கேட்டாள். அவள் கையில் எழுதுகோல் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. படத்தில் பாதியை அழித்துவிட்டு அவளே வரைந்துகொண்டிருந்தாள்.

"அலமாக்..." என்று வியந்து சிரித்தார் அந்த அம்மா. இந்தச் சிக்கலோடு தன் மூத்த மாணவர்களே இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள், நீயும் வந்து சேர்ந்துகொள் என்று மலாயில் சொன்னார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அய்யா அது!

காருக்கு வந்ததும் அண்ணன் முன்கதவைத் திறந்தார். பிறகு, "இங்கயேவாம்மா?" என்று மட்டும் கேட்டார். "இங்கதாம்பா" என்றாள். சரி என்று தலையாட்டினார். ஆனால் முகம் வாடியிருந்தது. கடை முழுக்கச் சொல்லி வைத்த கே.எல்.லை எப்படித் திரும்ப வாங்குவது?

அவளைச் சேர்த்தாயிற்று. அண்ணன் பசியாறும் கடையில் விடாமல் கேட்டார்கள், கே.எல். கிடைக்கவில்லையா என்று. இவர், 'பக்கமா இருக்கட்டும்னுதான்...' என்று இழுப்பார். ஏதோ பிள்ளை தோற்றுவிட்ட மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேடித் தேடித் தேர்ந்தெடுத்த பிள்ளையைப் பற்றி நிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

போன விடுமுறையில் தர்ஷினி அப்பாவின் கைபேசியில் தானே எழுதிய செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். லைன் இல்லாவிட்டாலும் எழுதியது அப்படியே இருக்கும். சாலைக்கு வந்ததும் வரிசை மாறாமல் தானாகப் போய்ச் சேரும். சில நாள் மக்கர் பண்ணும். பண்ணினால் அண்ணன் மகளுக்குப் போன் போடுவார் — மெயின் ரோட்டுக்கு வந்துதான்.

இப்போது பெக்கோக்கில் மாமா பதிலுக்குக் காத்திருந்தார். நான் அண்ணனையே பார்த்தேன். இழுக்கப்போகிறார்... 'பக்கமா இருக்கட்டும்' என்று சொல்லப்போகிறார்...

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லைன் இல்லாத லைன், மாமா."

மாமா விழித்தார். அண்ணன் கைபேசியை எடுத்து மேசை நடுவில் வைத்துவிட்டு, என் மக எழுதினது என்று ஆரம்பித்தார். ஐஸ்கிரீம் வந்தது. உருகியது. அவர் நிறுத்துவதாக இல்லை. பக்கத்து மேசைக்காரர்களும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். கே.எல். பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மண்டபத்துக்குள் அன்றைக்குச் சுத்தமாக லைன் இல்லை, செயலியை ஓட்டிக் காட்ட வேறென்ன வேண்டும்... அண்ணன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்!