அக்கா நோனா போட்ட கையெழுத்து

ஏன்டி, அடுத்தவ வீடு என்னா வெலைன்னு தெரியாட்டி ஒனக்குச் சோறு எறங்காதா? மழைக்கு ஒதுங்க வந்தவ ஒதுங்கிட்டுப் போக வேண்டியதுதானே! வெலைய நான் சொல்ல மாட்டேன். வாங்குன கதைய வேணும்னா சொல்றேன். ஒக்காரு. அந்தக் கதிரையில வேணாம், அது கால் ஆடும்.

நாங்க கெலிஓயாவுல வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரரு மகளுக்குக் கல்யாணம் பேசிட்டாரு, வீட்டக் காலி பண்ணுங்கன்னுட்டாரு. மகன் தேடித் தேடி அம்பிட்டியவுல இந்த வீட்டக் கண்டுபுடிச்சான். புரோக்கர் ஒருத்தன் கூட்டிட்டு வந்தான்.

"இங்க நெலம் பேர்ச்சு வெல கொஞ்சம் கூடத்தாம்மா. ஜன்னல்ல எட்டிப் பாத்தா வாவி தெரியும்"னான்.

எட்டிப் பாத்தேன். பக்கத்து வீட்டுல காயப்போட்ட சாரந்தான் தெரிஞ்சிச்சு.

"இன்னுங் கொஞ்சம் எட்டுங்கம்மா."

"இன்னுங் கொஞ்சம் எட்டுனா வாவி தெரியாது தம்பி, ஆஸ்பத்திரிதான் தெரியும்"னேன்.

பேர்ச்சுன்னா எம்புட்டுன்னு மகன் காலால அளந்து காட்டுனான். அடப்பாவி! நாங்க எல்லாம் பொறந்து வளந்த தோட்டத்து லயத்துக் காம்பரா அதுல பாதிதான்டி. அப்ப அந்தக் கணக்குல நாங்க என்னா வெலைக்குப் படுத்துத் தூங்கியிருக்கோம் பாரு!

வீட்டுல தனியா இருந்த சிங்களப் பெரியவரு, அந்த மாத்தயாதான் விக்கிறவரு. நல்ல மனுசன், டீ குடுத்தாரு. மகன் மயங்கி, கையில இருந்தத எல்லாம் அட்வான்ஸா குடுத்துட்டான். பொறகுதான் லோயர்கிட்ட வீட்டு உறுதிப் பத்திரத்தக் காட்டுனான். எம்மகன் படிச்சவன், அப்பிடித்தான் செய்வான். லோயர் பாத்துட்டு, "இது பங்கு பிரிக்காத காணி. விக்கிறவரோட அப்பாகிட்ட இருந்து ரெண்டு புள்ளைக்கும் பொதுவா வந்தது. அவரு அக்காவும் கையெழுத்து போடணும். இல்லாட்டி பேங்க் லோன் குடுக்காது"ன்னுட்டாரு.

அந்த அக்கா நோனா இருக்கிறது பிலிமத்தலாவையில. தம்பியோட பேச்சு இல்ல. அக்கா மக கல்யாணத்துக்கு வந்த தம்பி சாப்புடாமப் போயிட்டாராம். மகன் போயிக் கெஞ்சுனான். "செத்தாலும் போட மாட்டேன்"னு கதவச் சாத்திருச்சு. அட்வான்ஸத் திருப்பிக் கேட்டா, மாத்தயா அதக் கொழும்புல இருக்கிற தன் மககிட்டக் குடுத்துட்டாராம். மகன் மூஞ்சி பழைய கத்தரிக்கா மாதிரி சுருங்கிப் போச்சு.

நாந்தான் போனேன். கொஞ்சம் கொண்டக்கடல அவிச்சு எடுத்துக்கிட்டு, வீடு வாங்க வந்த பையனோட அம்மான்னு சொல்லி, எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல ஆரம்பிச்சேன்.

"நோனா, கையெழுத்த மட்டும் போட்டுறாதீங்க."

அது முழிச்சிச்சு. "ஒங்க மகன் போடச் சொன்னானே?"

"அவனுக்கு என்னா தெரியும்! நீங்க போடலைன்னதும் ஒங்க தம்பி மொகத்தப் பாக்கணுமே! நல்லதாப் போச்சு, சாகுற வரைக்கும் இந்த வீட்டுலயே இருந்துக்கிறேன்னு சிரிக்கிறாரு."

"சிரிச்சானா?"

"முத்தத்துப் பலாமரத்தடியில கதிரையப் போட்டு ஒக்காந்துகிட்டு."

"அது எங்கம்மா வச்ச மரம்!"

"அதத்தான் அவரும் சொன்னாரு, எங்கம்மா வச்ச மரம்னு."

அவ்வளவுதான். கொண்டக்கடல முடியக்குள்ள, "நாளைக்கே லோயர்கிட்ட வாறேன். அவன் மூட்ட முடிச்சக் கட்டட்டும்"ன்னுருச்சு. சாமி, பொய் சொன்னது நானு, அந்த மாத்தயா அன்னைக்குச் சிரிக்கவே இல்ல.

மறுநாள் அக்கா நோனா மொதக் கையெழுத்தப் போட்டுட்டு, தம்பியத் திரும்பிப் பாத்துச்சு.

"இனி எங்க போவ?"

"கொழும்புக்கு. மக வீட்டுக்கு."

"அவ சமைப்பாளா?"

மாத்தயா குனிஞ்சி தன் கையெழுத்தப் போட்டாரு.

"எந்திரி. எங்கூட வா. அன்னைக்குச் சாப்புடாம எந்திரிச்சவன்தானே, இனி வைக்கிறதெல்லாம் சாப்புடு!"

லோயர் பேனாவ வாங்கக்கூட மறந்துட்டாரு. இப்ப அங்கதான் இருக்காரு. நல்லா தின்னுட்டு நல்லா ஏச்சு வாங்குறாராம்.

இங்க குடி வந்ததும் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க வேலிக்கிட்ட வந்துட்டாளுங்க. வெலைதான் கேக்க வந்தாளுங்க, ஒன்ன மாதிரியே. "வெல கெடக்கட்டும், பிரிஞ்சி கெடந்த அக்கா தம்பியச் சேத்து வச்சது நாந்தான்"னேன். கடலைய மட்டும் சொன்னேன், மத்தத விட்டுட்டேன். ஒருத்தி கண்ணத் தொடச்சிக்கிட்டு, "எங்க அண்ணனும் எங்ககூடப் பேசுறதில்ல. நீங்க ஒருக்கா வந்து பேசுறீங்களா?"ன்னா.

"வாறேன்மா. மொதல்ல, அண்ணன் இருக்கிற வீடு எத்தன பேர்ச்சு?"ன்னு கேட்டேன்.