யார் திறந்து பார்த்தது

தரவுப் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவி ஹெல்வே கேட்டு வாங்கியதல்ல. அந்த எஸ்தோனியத் தீவின் ஊராட்சி அலுவலகத்தில் அதற்காகக் கூட்டம் நடந்த அன்று அவள் பல் வைத்தியரிடம் போயிருந்தாள்; வராதவள் தலையில் கட்டிவிட்டார்கள். அதிலிருந்து, திரையைப் பூட்டாமல் காப்பி குடிக்கப் போகிறவர்களை அதட்டுவதும், பாஸ்வேர்டை மேசையில் ஒட்டி வைப்பவர்களோடு மல்லுக்கட்டுவதுமாக அவள் காலம் போயிற்று. அவள் வந்தாலே பேச்சு நின்றுவிடும். மக்கள் பதிவேட்டைக் கவனிக்கும் உர்வே மட்டும், "வாடி போலீஸு, மீன் தீர்ந்துடப் போவுது" என்று மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாள்.

அப்படி இருக்கையில்தான் கெர்த்து அவளைத் தேடி அலுவலகத்துக்கு வந்தாள். கைக்குழந்தையோடு தார்த்து நகரத்திலிருந்து வந்து பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவள். மக்கள் பதிவேட்டில் தன் விவரத்தை யார் திறந்தார்கள் என்று அந்நாட்டில் எவரும் கணினியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதில் அலுவலகத்தின் பெயர்தான் தெரியும். ஆளின் பெயர் தெரியாது. கெர்த்து பார்த்தபோது இந்த ஊராட்சி அலுவலகத்தின் பெயர் இருந்தது.

"நான் இங்க எதுக்கும் மனு போடலையே. என் கல்யாணம், விவாகரத்து எல்லாத்தையும் யாரோ பார்த்திருக்காங்க. பழைய புருஷன் ஆள் வச்சுத் தேடுறானோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. யாருன்னு சொல்லுங்க."

ஹெல்வே அலுவலகக் கணினியின் பதிவுகளில் தேடிப் பார்த்தாள். திறந்தது உர்வே.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"என் பையன் தானேல் கட்டினா அவளத்தான் கட்டுவேன்னு நிக்கிறான். முந்தின கல்யாணம் முறிஞ்சுதா இல்லையான்னு பெத்தவ பார்க்கமாட்டாளா?"

"அவகிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்னப் பத்தி என்ன நினைப்பா?" உர்வே குரலைத் தாழ்த்தினாள். "முகவரி சரிபார்த்தோம்னு அவளுக்குப் பதில் எழுதிடு. யாருக்கு என்ன நஷ்டம்? உண்மைய எழுதினா என் வேலை போயிடும், ஹெல்வே."

அந்த ஒரு வரியை எழுதுவது சுலபம். அதைப் படித்துவிட்டு கெர்த்து இன்று தூங்குவாளா என்றுதான் ஹெல்வேக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. கடைசியில் பதிலில் உர்வேயின் பெயரை எழுதினாள். கணினியில் கையெழுத்திடுவதற்கான ரகசிய எண்ணை முதல் தடவை தப்பாக அழுத்தினாள்.

மறுநாள் கெர்த்து அலுவலகத்துக்கு வந்து அதைப் படித்தாள். "அவன் இல்ல," என்று மூச்சு விட்டாள். பிறகுதான் அந்தப் பெயர் அவளுக்கு உறைத்தது.

"போன ஞாயிறு அவங்க வீட்லதான் சாப்பிட்டோம். குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாங்க. இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது அவங்க ஒருத்தர்தான்." மடியில் இருந்த குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, "தானேலுக்கும் இது தெரியுமா?" என்றாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள் ஹெல்வே.

வாசலுக்குப் போக உர்வேயின் மேசையைக் கடக்க வேண்டும். ஹெல்வே எழுந்து, கொதிகலன் அறைப் பக்கத்துப் பின்கதவைத் திறந்தாள். "இப்படிப் போயிடுங்க."

"நான் ஏன் ஒளிஞ்சு போகணும்?"

கெர்த்து குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உர்வேயின் மேசையை நோக்கி நடந்தாள். ஹெல்வே பின்கதவின் பிடியை விடாமல் நின்றாள். குளிர்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.