மீசை வைத்த நாற்காலி

கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் அறிவியல் பற்றிய சொற்பொழிவுக்குப் போயிருந்தேன். பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மோடு, அச்சில் பிளாஸ்டிக் நாற்காலி வார்க்கும் ஒரு மோல்டிங் ஆபரேட்டர். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"ஒரே அச்சில் வந்த நாற்காலிகளில் எது யார் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது" என்றார் பேராசிரியர்.

இவர் எழுந்துவிட்டார். "நான் சொல்லுவேன் சார். மோல்டுல மாட்டிக்கின சேரை நெம்பும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி, மோல்டுல கீறிட்டேன். செம திட்டு! அதுக்கப்புறம் வந்த எல்லா சேருக்கும் அடியில மீசை மாதிரி ஒரு கோடு இருக்கும். இதுல இருக்குது, பாருங்க."

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் எழுந்து நாற்காலிகளைக் கவிழ்த்தது. "இங்க மீசை!" "இங்கயும்!" பேராசிரியர் தன்னுடையதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

என்னுடையதில் மட்டும் இல்லை.

"இன்னா சார், உங்க சேர்ல இல்லியா?" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இன்றும் கல்யாண மண்டபங்களில் உட்காருமுன் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கிறேன்.